தெரிந்தால் வலது கை

ஆகஸ்ட் 5, திங்கள்

பயிற்சி இன்று தொடங்கியது. வட்டார வள மையத்தின் மாடி அறையில், வெள்ளிக்கிழமை வரைக்கும். தலைப்பு ‘அன்பான வகுப்பறை’. இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்துகிறவளுக்கு அன்பு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க கோமதிநாயகம் என்று ஒரு பயிற்றுநர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பேசும்போது குரலை உயர்த்துவதே இல்லை. அதுவே எனக்கு எரிச்சல்.

காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, பெயரோடு ஒரு பழத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார். மாம்பழத்தையும் கொய்யாவையும் முன்னால் நின்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் ‘சீத்தாப்பழம் தவமணி’ ஆனேன். பயிற்சி முடியும்வரை அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்களாம். அடுத்தது மழைக் கைதட்டல். ஒரு விரலால் தட்டினால் தூறல், எல்லா விரலாலும் தட்டினால் பெருமழை. தட்டினேன். பதினொரு மணிக்கு டீயும் போண்டாவும் வந்தன. போண்டா நன்றாக இருந்தது.

மற்றவர்கள் தங்கள் முறை வந்ததால் வந்தவர்கள். என்னை மட்டும் தனியாக அனுப்பியிருக்கிறார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் என்னை நிற்கவைத்தே சொல்லிவிட்டார்: இந்தப் பயிற்சியை முடிக்க வேண்டும். என் நாலாம் வகுப்பிலிருந்து நின்றுபோன பெண்ணை இந்த மாதத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து என் வகுப்பில் உட்காரவைக்க வேண்டும். கோமதிநாயகம் நேரில் வந்து பார்த்து, அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் 17 பி, அதாவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் முதலில் இருக்கிறது. குறிப்பாணை வந்தால் அதை எடுத்துவிடுவார்கள். ஓய்வுக்கு நாலு வருடம்தான் இருக்கிறது. அதற்கப்புறம் ஏது பதவி உயர்வு?

பெண்ணின் பெயர் சுபிக்ஷா. இப்போதெல்லாம் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். போன மாதம் ஆய்வுக்கு வந்தபோது அலுவலர் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்றுகொண்டு ஊமை மாதிரி விழித்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வு என்று வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளைத் தயார் செய்துதான் வைப்போம். கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்க வேண்டும். பதில் தெரிந்த பிள்ளை வலது கை, தெரியாத பிள்ளை இடது கை. பார்க்கிறவருக்கு வகுப்பு முழுக்கக் கை தெரியும். நாங்கள் வலது கையாகப் பார்த்து எழுப்பிவிடுவோம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் இருந்த தலைமையாசிரியர் சொல்லிக்கொடுத்தது. இந்த ஒன்றியத்தில் இதைச் செய்யாத ஆசிரியர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

கோமதிநாயகம் இன்று, “நான் அலுவலர், நீங்க எல்லாரும் நாலாம் வகுப்பு” என்றார். இரண்டு மூன்று சுலபமான கேள்விகள் கேட்டார். எல்லோரும் பிள்ளைகள் மாதிரியே கூச்சல் போட்டுக் கை தூக்கினார்கள். அப்புறம் கேட்டார்: ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டுவிட்டு, அது பதில் சொல்வதற்கு ஆசிரியர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? அறையே கை தூக்கியது. நானும் தூக்கினேன்.

அவர் நேராக என்னிடம் வந்தார்.

“சீத்தாப்பழம் டீச்சர், இடது கையத் தூக்கியிருக்கீங்க.”

பார்த்தேன். இடது கைதான். கூடவே இன்னும் ஏழெட்டுப் பேர் இடது கையைத் தூக்கியிருந்தார்கள். அவர்கள் அவசரமாகக் கையை இறக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வலது தோள்பட்டை வலி என்று சொன்னேன். “சரி டீச்சர். நீங்களே பதில் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்” என்றார். சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அறையில் சிரிப்பு அடங்கியது. காற்றாடிச் சத்தம் மட்டும்தான். ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியிருக்கலாம். பத்து நொடி, இருபது நொடி, என்ன குடிமுழுகிப் போய்விடும்? ஆனால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் வரும்?

கடைசியில் அவரே சொன்னார். சராசரியாக ஒரு நொடியாம். அதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம், அல்லது அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறோமாம்.

மதியம் சாம்பார் சாதத்தில் உப்பு இல்லை. யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

மாவு புளித்துவிட்டது. பயிற்சியும் நடந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

சார்ட் அட்டையில் படம் வரையச் சொன்னார்கள். என் குழுவில் நான் கோடு போட்டுக் கொடுத்தேன். கோமதிநாயகம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். தினமும் எத்தனை படம் அனுப்ப வேண்டும் என்று அவருக்கும் மேலே இருந்து கணக்கு இருக்கிறதாம். வெளிச்சம் போதவில்லை என்று எங்களை ஜன்னல் பக்கம் திரும்பி இரண்டாம் முறை சிரிக்கவைத்தார். அன்பான வகுப்பறை!

டீ இடைவேளையில் அவரிடம் கேட்டேவிட்டேன். “ஹெல்மெட்ட எடுக்க வந்தவரு, ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே சார்?”

அவர் டீயை ஊதிக்கொண்டே, “போயிருக்கலாம் டீச்சர். நான் பார்த்ததை மட்டும்தான் எழுதிக் குடுத்தேன். மேல ஒரு வார்த்தை சேக்கல” என்றார்.

என்ன பார்த்தார்? ஒரு ரிப்பன். அதையும் எழுதிவிடுகிறேன், என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஆய்வு அன்று காலை அலுவலர் நாலாம் வகுப்புக்கு வந்தார். கூட கோமதிநாயகமும் வந்து, ஹெல்மெட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு மறந்துபோனார். அலுவலர் கேட்டது சாதாரணக் கேள்வி: ஒரு டஜன் வாழைப்பழத்தில் மூன்றில் ஒரு பங்கு எத்தனை? சுபிக்ஷா இடது கை வரிசைப் பிள்ளை. நான் முதல் நாளே பிரித்து உட்காரவைத்து, இரண்டு முறை ஒத்திகையும் பார்த்திருந்தேன். அன்றைக்கு என்ன புத்தியோ, வலது கையை நட்டுக்குத்தலாகத் தூக்கினாள். அலுவலர் அவளையே எழுப்பிவிட்டார். எழுந்தவள் வாயைத் திறக்கவில்லை. என் இருபத்தாறு வருடத்தில் ஒரு அலுவலர் முன்னால் நான் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

அவர்கள் போன பிறகு, எந்தக் கை எது என்று அவளுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று, வலது கையைப் பெஞ்சுச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவைத்தேன். அவளுடைய சொந்த ரிப்பன்தான். கயிறு இல்லை. லேசாகத்தான். சாப்பாட்டு மணி அடித்ததும் அவிழ்த்துவிடுவதாக இருந்தேன். அலுவலருக்குத் தலைமையாசிரியர் பால்துரை சார் பிரியாணி வாங்கி வரச் சொல்லியிருந்தார். பரிமாற என்னைக் கூப்பிட்டார். தண்ணீர், இலை, தயிர்ப் பச்சடி என்று வேலை சரியாக இருந்தது. கோமதிநாயகம் சாப்பிட்டுவிட்டு ஹெல்மெட்டை எடுக்கப் போனார். மற்றப் பிள்ளைகள் சத்துணவு வாங்கச் சென்றிருந்தார்கள்.

இதை ஒரு பெரிய குற்றமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பயிற்சி முடிந்தது. சான்றிதழ், குழுப் படம், தேசிய கீதம். பயிற்சி எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். “நன்று” என்று எழுதினேன்.

கிளம்பும்போது கோமதிநாயகம் படிக்கட்டில் நிறுத்தி, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு எப்போது போகிறேன் என்று கேட்டார். கூட வருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். “போகும்போது எதுவும் வாங்கிட்டுப் போகாதீங்க டீச்சர். சும்மா போங்க” என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பெரிய பிஸ்கட் பாக்கெட்டாகப் பார்த்து வாங்கினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு டிக்காசன்கூட இல்லாமல் பிளாஸ்கில் கடைக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்குப் பஸ் ஏறினேன். ஞாயிறானால்தான் சுபிக்ஷாவின் அம்மா வீட்டில் இருப்பாள். முனீஸ்வரி என்று பெயர். தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவள். புருஷன் திருப்பூரில்.

தெரு திரும்பும்போதே ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. தம்பியை உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. மூச்சு விடாமல் பேச்சு. “கைய எடுறா, அங்க என்ன பராக்கு, ரோட்டுல ஆனையா போகுது?” என்று ஒரே அதட்டல். யாரோ டீச்சர் மாதிரியே இருந்தது. எந்த டீச்சர் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான் வாசலுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. பிள்ளை உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டது. ரிப்பன் இல்லை, ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

முனீஸ்வரி “வாங்க” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

பிள்ளையை அனுப்பு, படிப்பு கெட்டுப்போகிறது என்று எடுத்துச் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். எல்லாவற்றையும் மடித்து வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“கட்டிப்போட்டதக்கூட விட்டுட்டேன் டீச்சர். நானும் முட்டிபோட்டு, அடிவாங்கித்தான் அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். அத்தன பேருக்கு முன்னாடி ஏம் பிள்ளைக்குப் பேச்சு வராதுன்னு சொன்னீகளாம்ல, அது எப்படி?”

யார் சொன்னது என்று கேட்டேன். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வந்து சொன்னார்களாம். இப்போது தெருவில் அவளை ‘ஊமச்சி’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கடைக்கு அனுப்பினால் போகமாட்டேன் என்கிறாளாம். வீட்டுக்குள் இருக்கும்வரைதான் பேச்சு. வாசலைத் தாண்டினால் வாயைப் பூட்டிக்கொள்கிறாளாம்.

அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் நான் சொன்னது உதவிக்கு. பிள்ளை திணறுகிறது, அலுவலர் காத்துக்கொண்டிருக்கிறார். “இவளுக்குப் பேச்சு சரியா வராது சார், கொஞ்சம் மந்தம்” என்று சொல்லி வேறு பிள்ளையை எழுப்பினேன். எந்த ஆசிரியரும் செய்கிறதுதான். உடனே சொன்னேனா, கொஞ்சம் பொறுத்துச் சொன்னேனா என்பதெல்லாம் இப்போது நினைவில்லை.

பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். “எங்க வீட்லயும் பிஸ்கட் இருக்கு டீச்சர்” என்றாள்.

அதைப் பஸ்ஸில் நானே பிரித்துச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பள்ளி. நாலாம் வகுப்பில் கோமதிநாயகத்தின் வித்தையைப் பரிசோதித்தேன். வேலைக்காகாது என்று தெரிந்துகொள்ளத்தான். பெருக்கலில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒருவன் கொட்டாவி விட்டான். பின்னால் இரண்டு பேர் ரப்பருக்காகச் சண்டை போட்டார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜன்னலோரப் பெண் ஒன்று, ஜூன் மாதத்திலிருந்து வாயைத் திறக்காதது, எழுந்து சரியான பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

தற்செயல்.

மாலையில் பால்துரை சார் கூப்பிட்டு நிலவரம் கேட்டார். சொன்னேன். தன்மையாகப் பேசினால் நடக்காது, வருகைப்பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று ஒரு போடு போடுங்கள் என்றார். பெயர் போனால் வேறு பள்ளிக்குத்தான் போக வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கு நாலுவழிச் சாலையைக் கடக்க வேண்டும். அம்மா தானாக இறங்கி வருவாள் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் முனீஸ்வரி வீட்டுக்குப் போனேன். இன்று தீப்பெட்டி ஆபீஸ் விடுமுறை. அவள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சுபிக்ஷா பக்கத்தில் உட்கார்ந்து பூனையை விரட்டிக்கொண்டிருந்தது. நான் வந்ததும் பூனையை விட்டுவிட்டது.

பால்துரை சார் சொன்னதைச் சொன்னேன். முனீஸ்வரி தலையைத் தூக்கவில்லை.

“எடுத்துக்கிடுங்க. ரோட்டத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுட்டு, அப்புறம் நான் வேலைக்குப் போறேன்.”

“அந்த ரோட்டுல லாரி எப்படிப் போகுதுன்னு உனக்குத் தெரியாதா முனீஸ்வரி?”

“ஊமச்சின்னு பேரெடுத்துட்டு இங்கன இருக்கதுக்கு அது பரவாயில்ல.” அப்புறம் கத்தியால் பிள்ளையைக் காட்டினாள். “எங்கிட்ட ஏன் பேசுறீக? படிக்கப் போறது அவதான. அவகிட்டக் கேளுங்க.”

கேட்டேன். “பள்ளிக்கூடத்துக்கு வர்றியா, இல்லையா?”

பிள்ளை பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. பேச்சு வராத பிள்ளை என்று நான் சொன்னது பொய்யா என்று அம்மாவே கண்ணால் பார்க்கட்டும். அதனால் நானும் பேசவில்லை. அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை யாரும் சொல்லாமலே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பூனை திரும்பி வந்தது. முனீஸ்வரி ஒரு மீனை முடித்து அடுத்ததை எடுத்தாள். எதிர்வீட்டில் டிவியில் அணிவகுப்பு ஓடியது. எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று தெரியவில்லை. வெயில் என் காலுக்கு வந்துவிட்டது.

“நாலு” என்றது பிள்ளை.

முனீஸ்வரிக்குப் புரியவில்லை. “என்னட்டீ நாலு?”

“வாழப்பழம். நாலு.” என்னைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துப் பேசியது. “அன்னைக்கே தெரியும். அதான் வலது கையத் தூக்குனேன்.”

தெரிந்தால் எழுந்ததும் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள நீங்க எனக்குப் பேச்சு வராதுன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் பேசினா, நீங்க பொய் சொன்னதா ஆயிரும்ல? அந்தப் பெரிய சார் உங்கள வைவாரு.”

முனீஸ்வரி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். எதிர்வீட்டு டிவியில் யாரோ ஆணையிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கொஞ்சம் கழித்து பிள்ளையே சொன்னது: “பள்ளிக்கூடத்துக்கு வாரேன். உங்க வகுப்புக்கு வர மாட்டேன்.”

விடை சரி. பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்கு நாலுதான். பன்னிரண்டரை மணிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். பஸ் வந்தது. ஏற மறந்துபோயிற்று. அடுத்த பஸ் இரண்டு மணிக்கு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சிலிண்டர் வந்தது. ரசம் வைத்தேன். நன்றாக வரவில்லை என்றார் அவர். பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்ததா, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றும் கேட்டார். முழங்கால் வலி என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வகுப்பு நடந்தது. அதிகம் பேசவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பால்துரை சாரிடம் ஒரு ஏற்பாடு சொன்னேன். எங்கள் பள்ளியில் ஒன்றும் இரண்டும் உமையாள் எடுக்கிறாள். வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, சின்னப் பெண். அவள் நாலாம் வகுப்புக்குப் போகட்டும், நான் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நாலாம் வகுப்பு அறையில் காற்றாடி சத்தம் போடுகிறது, எனக்குத் தலைவலி வருகிறது என்று காரணமும் சொன்னேன்.

பால்துரை சார் கண்ணாடியைக் கழற்றினார். “காத்தாடிக்காகவா ஒண்ணாம் வகுப்புக்குப் போறீங்க? மூக்கத் தொடச்சுவிட முடியாதுன்னு என்கிட்ட சண்டை போட்டவங்க நீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “டீச்சர், அந்தப் பிள்ளை உங்க வகுப்புல உக்காந்திருக்கணும். அப்பத்தான் கோமதிநாயகம் எழுதிக் குடுப்பாரு. வகுப்பையே மாத்திக்கிட்டா அவரு என்னத்த எழுதுவாரு? அடுத்த பேரு உங்க பேருதான். இந்தச் சமயத்துல ஏன் இப்படி?”

அப்புறம் அவரே வழி சொன்னார். வகுப்பு மாறியாகிவிட்டது, இனி உமையாள் டீச்சர்தான் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லி வரவழைப்பது. கோமதிநாயகம் வருகிற அன்று மட்டும் உமையாளுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போவது. பிள்ளை உட்கார்ந்திருக்கும், நான் பாடம் நடத்துவேன், அவர் எழுதிவிட்டுப் போவார். மறுநாள் பழையபடி உமையாள். “ஒரு நாள் கூத்து. பிள்ளைக்கு அதெல்லாம் மனசுல நிக்காது” என்றார்.

நல்ல யோசனை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

உமையாளையே முனீஸ்வரி வீட்டுக்கு அனுப்பினேன். என்ன பேசினாளோ, பிள்ளை நாளை வருகிறதாம். திரும்பி வந்து, “உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க டீச்சர், நெசமாவே வகுப்பு மாறியாச்சான்னு” என்றாள். நெசம்தான் என்று சொல்லச் சொன்னேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வந்துவிட்டது. நான் பார்க்கவில்லை, சத்துணவு அம்மா சொன்னாள்.

ஒன்றாம் வகுப்பு நரகம். ஒருத்தி ஒரு மணி நேரம் அழுதாள். இன்னொருவன் என் சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஆகஸ்ட் 28, புதன்

நாளைக்கு கோமதிநாயகம் வருகிறார். உமையாளுக்கு விடுப்பு எழுதியாகிவிட்டது. பால்துரை சார் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். பத்து மணிக்கு நான் நாலாம் வகுப்புக்குள் போக வேண்டும். பழைய பாடக்குறிப்பை எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல சேலையாகவும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் உமையாளுக்குப் போன் செய்து, விடுப்பு வேண்டாம், பள்ளிக்கு வந்துவிடு என்று சொன்னேன். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. நாலாம் வகுப்புக்குக் கத்திப் பாடம் நடத்த முடியாது. ஒன்றாம் வகுப்பு என்றால் படம் வரைய விட்டுவிட்டு உட்காரலாம்.

பத்தேகாலுக்கு கோமதிநாயகம் என் வாசலில் வந்து நின்றார். பின்னால் பால்துரை சார், முகம் சுண்டிப்போய்.

“நாலாம் வகுப்புன்னு சொன்னாங்க டீச்சர்.”

“எனக்கு ஒண்ணாம் வகுப்பு. நாலாம் வகுப்பு உமையாள் டீச்சர். அந்தப் பிள்ளை அங்கதான் இருக்கு, போய்ப் பாருங்க.”

“பார்த்துட்டேன். உங்க வகுப்புல இருக்கணும்னுதான உத்தரவு.”

“என் வகுப்புக்கு வராதாம்.”

அவர் பால்துரை சாரைப் போகச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து சின்னப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அந்த உயரத்தில் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பிள்ளை திரும்ப வந்திருக்கிறது, எங்களுக்கு அதுதானே முக்கியம் என்றார். தவமணி டீச்சர் வகுப்பில் பார்த்தேன் என்றே எழுதிவிட்டுப் போவதாகவும், யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை என்றும் சொன்னார். அந்த மனிதரிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் குரலில் இருந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. நாக்கில் ‘சரி’ என்ற வார்த்தை வந்து நின்றதையும் எழுதத்தான் வேண்டும்.

சரி என்றால், நாளைக்கு யாராவது வந்து சுபிக்ஷாவிடம் உன் டீச்சர் யார் என்று கேட்பார்கள். இவர் எழுதியது ஒன்று, அது சொல்வது ஒன்று என்று ஆகும். அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பொய்க்காரி ஆக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொள்ளும்.

“பார்த்ததை மட்டும் எழுதுறவருதான சார் நீங்க? அப்படியே எழுதுங்க” என்றேன்.

எழுந்து போய்விட்டார். மூக்கைத் துடைத்தவன் அவருக்கு டாட்டா காட்டினான்.

பால்துரை சார் இன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 4, புதன்

குறிப்பாணை வந்துவிட்டது. பதினைந்து நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். சங்கத்து ஆள் ஒருவரிடம் கேட்டு நாலு பக்கத்துக்கு எழுதுங்கள், சூழ்நிலை, வேலைப்பளு எல்லாம் வரட்டும் என்றார் பால்துரை சார். என்னுடையது அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதில் காற்றாடி இல்லை, பிரியாணி இல்லை. பதவி உயர்வுப் பட்டியல் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

நாலாம் வகுப்புக்குப் போக வேண்டுமானால் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வராண்டாவில் வேறு வழி இல்லை. சுபிக்ஷா அப்படிப் போவதில்லை என்று நேற்றுத்தான் கவனித்தேன். கேட்டில் நுழைந்ததும் மைதானத்தில் இறங்கி, கழிவறைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கமாக ஏறிப் போகிறது. ஞாயிறு ராத்திரி மழை பெய்து அங்கெல்லாம் சேறு. பாவாடைக் கரை முழுக்கச் சேறோடு வகுப்பில் உட்கார்ந்திருந்ததாம். உமையாள் சொன்னாள்.

இன்று காலை பிள்ளைகள் வந்ததும் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தூசி வருகிறது என்று உமையாளிடம் சொல்லிக்கொண்டேன். மழை ஈரமே இன்னும் காயவில்லை, என்ன தூசி என்று அவள் கேட்கவில்லை. அறை இருட்டாகிவிட்டது. அழுகிறவள் அழுதாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வராண்டாவில் செருப்புச் சத்தம். கூடவே பேச்சு. வழியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறதாம், அதில் ஒன்றுக்கு ஒரு காது மட்டும் வெள்ளையாம், அம்மா வேண்டாம் என்கிறாளாம், தம்பி அழுகிறானாம். யாரிடம் சொல்லிக்கொண்டு போனதோ. என் கதவுக்கு நேராக வந்தபோது சத்தம் நின்றது. நான் மடியில் இருந்தவளின் வாயை மெதுவாகப் பொத்தினேன்.

பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடங்கி, நாலாம் வகுப்புப் பக்கமாகப் போயிற்று.

மணி அடித்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.